தம்பிக்கு உரிய விருது

பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினரை ஊடுருவி ஓடும் கடும் விளையாட்டு அமெரிக்கக் கால்பந்து. அதில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக அணியின் ஓட்ட வீரராய்த் திகழ்ந்தவர் ஜான் கப்பெலெட்டி. 1973ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் ஓடிக் கடந்தது 1522 கெஜம். அவ்வணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை.

அவருடைய தம்பி ஜோயி, இரத்தப் புற்றுநோயால் வாடிய 11 வயதுச் சிறுவன். பிறந்தநாள் பரிசாக நான்கு 'டச்டவுன்' கேட்டான். அண்ணனும் மேற்கு வர்ஜீனியா அணிக்கெதிராக நான்கு முறை எல்லைக்கோட்டைக் கடந்தார்.

அவ்வாண்டு டிசம்பரில், கல்லூரி வீரர்களுக்குரிய ஹைஸ்மன் விருதை நியூயார்க்கில் பெற்றபோது, அவையில் அமர்ந்திருந்த தம்பிக்கே அதனை உரித்தாக்கினார். தம் போராட்டம் இலையுதிர்காலச் சனிக்கிழமைகளோடு முடிந்துவிடுகிறது; தம்பியின் போராட்டமோ ஆண்டு முழுவதும் ஓய்வதில்லை என்று கண்ணீர் மல்கக் கூறினார். நிறைவு ஆசீர் அளிக்க எழுந்த பேராயர் ஃபுல்ட்டன் ஷீன், ஜான் வழியாக இறைவனே ஆசீர் வழங்கிவிட்டார், இனி வேறு ஆசீர் வேண்டுவதில்லை என்றார்.

ஜோயி 1976இல் இறைவனடி சேர்ந்தான். 2013இல், ஜான் அணிந்த 22ஆம் எண்ணை இனி எவரும் அணியலாகாதெனப் பல்கலைக்கழகம் அவரைச் சிறப்பித்தது. ஆயினும் அவரை நேசித்தோர் நெஞ்சில் நிலைத்திருப்பது அவர் கடந்த தொலைவன்று. அந்த அண்ணனின் அன்பே. நோயுற்ற பிள்ளை நம் இல்லத்தில் இருப்பின், அப்பிள்ளையின் போராட்டத்தை நம் வெற்றிகளினும் பெரிதென மதிப்போமாக.