ஓதுதலும் வாசித்தலும்

கன்னடப் புதினம் ஒன்றில் மாணவன் தேர்வுக்காக இரவெல்லாம் 'ஓதினான்' என வந்தால், தமிழாக்குவோர் அச்சொல்லை அவ்வாறே இட இயலாது. கன்னடத்தில் 'ஓது' என்பது வாய்திறவாமல் செய்தித்தாள் பார்ப்பதற்கும் உரிய பொதுவினை. தமிழிலோ அது மறை, மந்திரம், திருமுறை ஆகியவற்றைச் சார்ந்து சுருங்கிவிட்டது. வேர் ஒன்றே. பர்ரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, இரண்டாம் பதிப்பு 1984) இவற்றை ஒரே பதிவில் வைக்கிறது.

பழந்தமிழில் இத்துணைச் சுருக்கம் இல்லை. தொல்காப்பியச் செய்யுளியல் நூலின் உறுப்புகளைச் சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என வகுக்கிறது. இங்கு ஓத்து என்பது நூலின் இயலே. சமயச் சார்பு சிறிதும் இல்லை. திருக்குறளில் 'ஓத்து' (134) மறையைக் குறிக்க, 834ஆம் குறளில் வரும் வினை நூல் கற்றலைப் பொதுவாகச் சுட்டுகிறது. வாய்விட்டுச் சொல்லி மனத்திருத்துதலே கல்வியாக இருந்தமையின் இரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கின. மலையாளத்தில் வேதம் ஓதுதலும் 'ஓத்து'. குர்ஆன் கற்பிக்குமிடமும் 'ஓத்துப்பள்ளி'.

'வாசி' வடமொழி வழியது. 'சொல்' எனப் பொருள்படும் வச் என்னும் வேரின் பிறவினையாகிய 'வாசயதி' சொல்லச் செய்தலையும், அதன்வழி உரக்கப் படித்தலையும் குறித்தது. படிப்பவன் ஊமை எழுத்தைப் பேசவைக்கிறான் என இதற்கு விளக்கம் கூறலாம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் தௌலி, ஜௌகட ஆகிய இடங்களில் பொறித்த தனிக் கட்டளைகள், தம்மைத் திஷ்ய நாள்தோறும் மக்கள் 'கேட்க வேண்டும்' என்றே விதிக்கின்றன. படிக்க வேண்டும் என்றல்ல.

மலையாள 'வாயிக்குக' என்பதை 'வாய்' என்னும் சொல்லோடு இணைக்கத் தோன்றும். கவர்ச்சியான விளக்கந்தான்; ஆயினும் பசலை–பயலை, உசிர்–உயிர் என்பவற்றிற்போல வரும் சகர யகரத் திரிபாகக் கொள்வதே பொருந்தும்.

தமிழ் 'வாசி' இன்று குழலுக்கும் வீணைக்கும் ஒலியைக் காத்து, நூலுக்கு அதனை இழந்து நிற்கிறது. ஒலி வேண்டுமெனின் 'உரக்க' என்னும் அடை தேவைப்படுகிறது. பழைய கதைகளில் நிலை வேறு. அவையில் ஒருவன் ஓலையை வாசித்தான் எனின், அவையோர் அனைவரும் கேட்டனர் என்பதும் அவ்வினையிலேயே அடங்கும். பிறமொழியாக்கத்தில் மௌனமாகப் படித்தலைக் குறிக்கும் சொல்லை அங்கு இட்டால், அடுத்த வரியில் அவை கலங்கியது ஏன் என்பது விளங்காமற்போகும்.