ஏடும் வாசற்படியும்: ஸ்காட்லாந்தில் ஒரு திருச்சபை வட்டாரம்



நம் பாட்டன்மார் பால் வெட்டிய இரப்பர்த் தோட்டங்களில் துரைகளாக இருந்தவர்களுள் ஸ்காட்லாந்துக்காரர் பலர். நம்மவர்கள் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்து 'வெள்ளைக்காரத் துரை' என்றே அழைத்தார்கள். ஆனால் ஸ்காட்லாந்து தனி அரசாக இருந்த நாடு. 1707-ஆம் ஆண்டில்தான் அது இங்கிலாந்தோடு இணைந்தது. அப்படி இணைந்தபோதும் தன் சட்டத்தையும், தன் கல்வி முறையையும், தன் திருச்சபையையும் அது விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தத் திருச்சபையின் கீழ் ஒரு சிற்றூர் மக்கள் எவ்வாறு கூடி வாழ்ந்தார்கள், தங்கள் செய்திகளை எவ்வாறு ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொண்டார்கள் என்பதையே இன்றைய உரையில் காணப்போகிறோம். இது சமயப் பிரசாரம் அன்று. ஓர் ஊர் தன்னைத் தானே எப்படிக் கவனித்துக்கொள்ளலாம் என்பதற்கு ஒரு பாடம், அவ்வளவே.

முதலில் 'பாரிஷ்' என்ற சொல்லைத் தெரிந்துகொள்வோம். ஒரு கோயிலையும் அதைச் சுற்றியுள்ள வீடுகளையும் வயல்களையும் சேர்த்து ஒரு வட்டாரமாக வகுத்தால் அதுவே பாரிஷ். ஸ்காட்லாந்து மக்கள் கோயிலைக் 'கிர்க்' என்பார்கள். 1560-ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் போப்பாண்டவரின் அதிகாரத்தை நீக்கியது. அதன்பின் உருவான திருச்சபை பிரஸ்பித்தேரியன் முறையைச் சேர்ந்தது. ஆயர்கள் ஆள்வது அதன் முறை அன்று. ஒவ்வொரு பாரிஷிலும் ஒரு போதகர் இருப்பார். அவரோடு மூப்பர்கள் சிலர் இருப்பார்கள். இந்த மூப்பர்கள் குடியானவர், கடைக்காரர், தச்சர் போன்ற ஊர் மனிதர்கள். 1966 முதல் பெண்களும் மூப்பராகலாம். போதகரும் மூப்பர்களும் கூடும் மன்றத்திற்குக் 'கிர்க் செஷன்' என்று பெயர். அந்த மன்றத்துக்கு எழுத்தர் ஒருவர் உண்டு. அந்த எழுத்தரை மறந்துவிடாதீர்கள். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொள்வோம். மணி அடிக்கிறது. மக்கள் வந்து அமர்கிறார்கள். வழிபாட்டின்போது ஒருவர் எழுந்து அறிவிப்புகளைப் படிக்கிறார். யார் இறந்தார், அடக்கம் என்று நடக்கும். யார் மருத்துவமனையில் இருக்கிறார். புதன்கிழமை மகளிர் கூட்டம் எத்தனை மணிக்கு. சனிக்கிழமை பழைய பொருள் விற்பனைக்குக் கேக் செய்து தருபவர்கள் யாரிடம் பெயர் கொடுக்கவேண்டும். கோயில் கூரை பழுதுபார்க்க இன்னும் எவ்வளவு பணம் தேவை. இவைபோன்றவையே அந்த அறிவிப்புகள். வழிபாடு முடிந்ததும் பக்கத்து மண்டபத்தில் தேநீரும் பிஸ்கட்டும் இருக்கும். அங்கேதான் உண்மையான செய்தி பரிமாற்றம் நடக்கும். 'அவர் ஏன் இன்று வரவில்லை?' என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வி ஒருவரை அன்று மாலையே அந்த வீட்டு வாசலுக்கு அனுப்பிவைக்கும்.

பழங்காலத்தில் திருமணத்திற்கும் இந்த அறிவிப்பு வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கப்போகிறது, தடை ஏதும் உண்டா என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் கூறுவார்கள். முன்பே மணமானவன் வேற்றூரில் மறுபடி மணம் செய்துகொள்ளாமல் இருக்க அது ஒரு காவல். 1977-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே இந்தக் கட்டாயம் நீங்கியது.

வாசலுக்குப் போவது பற்றிச் சொன்னேன் அல்லவா? அதுவும் ஒரு முறைக்கு உட்பட்டது. பாரிஷைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு மூப்பரிடம் ஒப்படைப்பார்கள். திருவிருந்துக்கு முன் அவர் வீடு வீடாகச் செல்வார். முற்காலத்தில், தகுதியுடையவர் என்பதற்கு அடையாளமாக ஈயத்தால் செய்த சிறு வில்லை ஒன்றைக் கொடுப்பார்கள்; அது இல்லாதவர் திருவிருந்து மேசையில் அமர முடியாது. பிற்காலத்தில் வில்லை போய் அட்டை வந்தது. அட்டையைக் கொடுக்கும் சாக்கில் மூப்பர் உள்ளே வந்து உட்கார்வார். கிழவிக்கு விறகு இருக்கிறதா, பையனுக்கு வேலை கிடைத்ததா என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆக, அட்டை ஒரு காரணம்தான்; வாசற்படி ஏறுவதே காரியம்.

இனி அந்த எழுத்தரிடம் வருவோம். பெரும்பாலான ஊர்களில் அவர் யார் தெரியுமா? பள்ளிக்கூட ஆசிரியர்! 1696-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஒவ்வொரு பாரிஷிலும் நிலக்கிழார்கள் ஒரு பள்ளிக்கூடமும் ஆசிரியருக்குச் சம்பளமும் தரவேண்டும் என்பது அதன் சாரம். சம்பளம் சொற்பம். ஆகவே அந்த ஆசிரியரே மன்றத்தின் எழுத்தராகவும் இருப்பார். ஞாயிறன்று சபைக்கு முன்நின்று பாட்டை எடுத்துக்கொடுப்பவரும் பல ஊர்களில் அவரே. வாரம் முழுவதும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அதே கைதான் ஊரின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பேரேட்டில் பதிந்தது.

அந்தப் பேரேடுகளுள் மிகப் பழையது பெர்த்ஷயரில் உள்ள எரோல் என்னும் ஊருடையது. அது 1553-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. 1855-ஆம் ஆண்டில் அரசாங்கப் பதிவு வரும்வரை சாதாரண மனிதன் பிறந்ததற்கும் மணந்ததற்கும் முக்கியச் சான்று இந்தப் பேரேடுகளே. ஆனால் அவை முழுமையானவை என்று எண்ணவேண்டாம். 1783-ஆம் ஆண்டில் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி விதித்தார்கள். ஏழைகளுக்கு விலக்கு உண்டு. என்றாலும் பலர் பதிவு செய்வதையே விட்டுவிட்டார்கள். 1794-இல் வரி நீக்கப்பட்டது. எழுதாமல் விட்ட பெயர்கள் போனது போனதுதான். மூன்று பென்னியில் ஒரு மனிதனின் வரலாறு அழிந்துபோகக்கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மன்றத்தின் இன்னொரு பொறுப்பு ஏழைகளைக் காப்பது. கோயில் வாசலில் விழும் காணிக்கை அதற்குப் போகும். சவப்பெட்டியின்மேல் போர்த்தும் துணியை மன்றமே வைத்திருந்து வாடகைக்கு விடும். அந்தப் பணமும் ஏழைகளுக்கே. விதவைக்கு இவ்வளவு, கண் தெரியாதவருக்கு இவ்வளவு என்று ஏட்டில் கணக்கு இருக்கும். 1845-ஆம் ஆண்டில் ஏழைகள் சட்டம் வந்து இப்பொறுப்பு வேறு கைக்கு மாறியது.

நல்லதை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. அதே மன்றம் மக்களின் அந்தரங்க வாழ்க்கையில் கடுமையாகத் தலையிட்டது. மணமாகாமல் கருவுற்ற பெண்ணை விசாரித்தது. குற்றவாளி என்று தீர்ந்தவர்களைச் சபைக்கு முன் நிறுத்திக் கண்டித்தது. அதற்கென்றே தனி ஆசனம்கூட இருந்தது. நாட்டின் பெருங்கவிஞரான ராபர்ட் பர்ன்ஸ் 1786-ஆம் ஆண்டில் மாக்லின் ஊர்க் கோயிலில் அவ்வாறு கண்டிக்கப்பட்டவர்களுள் ஒருவர். ஊரின் கண் அன்போடு பார்த்தால் அது காவல். அதிகாரத்தோடு பார்த்தால் அதுவே சிறை. இரண்டும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டிருக்கின்றன.

அன்போடு பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். தென் ஸ்காட்லாந்தில் ரத்வெல் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1799-இல் ஹென்றி டங்கன் என்பவர் அங்குப் போதகராக வந்தார். ஊர் மக்கள் ஏழைகள். அன்றைய வங்கிகளில் கணக்குத் திறக்கப் பத்துப் பவுன் வேண்டும். கூலியாள் பத்துப் பவுனுக்கு எங்கே போவான்? ஆகவே 1810-ஆம் ஆண்டில் டங்கன் தம் பாரிஷிலேயே ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். சில்லறையைக் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். அதற்கு வட்டியும் உண்டு. பணப்பெட்டிக்கு மூன்று பூட்டுகள் இருந்தன. ஒருவர் மட்டும் தனியே திறக்க முடியாது. முதலாண்டு முடிவில் சேர்ந்த தொகை 151 பவுன். சிறு தொகைதான். ஆனால் அந்த முறை பிற ஊர்களுக்கும் பரவியது. பின்னர்ப் பிரிட்டன் முழுவதும் தோன்றிய சேமிப்பு வங்கிகளுக்கு அது முன்மாதிரியாயிற்று. பிச்சை கொடுப்பதைவிடச் சேமிக்கக் கற்பிப்பது மேல் என்று அந்தப் போதகர் கண்டார்.

பாரிஷ் செய்திகள் ஊரைத் தாண்டிப் போனதும் உண்டு. சர் ஜான் சின்கிளேர் என்பவர் நாட்டிலுள்ள போதகர்கள் அனைவருக்கும் 160-க்கு மேற்பட்ட கேள்விகளை அனுப்பினார். ஊரின் மக்கள்தொகை என்ன, கூலி என்ன, என்ன பயிர் விளைகிறது, என்ன நோய் வருகிறது, பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் கேட்டார். பதில்கள் 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வெளிவந்தன. 938 பாரிஷ்களைப் பற்றிய செய்தி அவற்றில் அடங்கியிருக்கிறது. ஒரு நாடு முழுவதையும் ஊர் ஊராக அறிந்தவர்களைக் கொண்டே எழுதிய அரிய நூல் அது.

இவ்வளவு நெருங்கி வாழ்ந்தவர்களிடையே பிளவும் வந்தது. போதகரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நிலக்கிழாருக்கா, சபை மக்களுக்கா என்பதே பெரும் வழக்கு. 1843-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 1,200 போதகர்களுள் 450-க்கும் மேற்பட்டோர் வீட்டையும் சம்பளத்தையும் துறந்து வெளியேறினார்கள். சேமிப்பு வங்கி கண்ட டங்கனும் அவர்களுள் ஒருவர். ஒரே ஊரில் எதிரெதிராக இரண்டு கோயில்கள் எழுந்தன. பிரிந்தவர்களுள் பெரும்பகுதியினர் 1929-இல் மீண்டும் இணைந்தார்கள். இன்று புதிய போதகர் வேண்டுமானால், ஒருவரைக் குழு தேர்ந்து சபைக்குமுன் நிறுத்தும். அவர் வழிபாடு நடத்தியபின் மக்கள் வாக்களிப்பார்கள்.

1879-இல் 'லைஃப் அண்ட் வொர்க்' என்னும் மாத இதழ் தொடங்கியது. நாட்டுச் செய்தி அதில் வரும். ஊர்ச் செய்தியை அந்தந்தப் பாரிஷ் தனித்தாளாக அச்சிட்டு அதனோடு சேர்த்துக்கொள்ளும். 1887-இல் மகளிர் சங்கம் அமைந்தது. 1883-இல் கிளாஸ்கோ நகரில் வில்லியம் அலெக்ஸாண்டர் ஸ்மித் 'பாய்ஸ் பிரிகேட்' என்னும் சிறுவர் அணியை நிறுவினார். அது கடல் கடந்து 1930-இல் சிங்கப்பூருக்கும் வந்தது. நம் நேயர்களுள் சிலர் அந்தச் சீருடையை அணிந்திருக்கவும் கூடும்.

இன்று நிலைமை என்ன? 1950-களில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் உறுப்பினர் 13 இலட்சத்துக்கும் மேல். இப்பொழுது மூன்று இலட்சத்துக்கும் குறைவு. 2022-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மக்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் தமக்குச் சமயம் இல்லை என்று தெரிவித்தார்கள். பாரிஷ்கள் இணைக்கப்படுகின்றன, ஒரே போதகர் இரண்டு மூன்று ஊர்களைப் பார்க்கிறார், பல கோயில்கள் மூடப்பட்டு விற்கப்படுகின்றன.

நம்பிக்கை குறைவது அவரவர் மனத்தைப் பொறுத்தது. அதில் நாம் தீர்ப்புச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் கோயிலோடு சேர்ந்து வேறு ஒன்றும் போகிறது. 'அவர் ஏன் இன்று வரவில்லை?' என்று கேட்கும் இடம் போகிறது. முதியவர் தேநீர் அருந்தும் மண்டபம் போகிறது. இதை உணர்ந்துதான் சில ஊர்களில் கோயில் கட்டடத்தை ஊர் மக்களே வாங்கிப் பொது மண்டபமாக நடத்துகிறார்கள்.

இதில் நமக்கு ஒரு செய்தி உண்டு. நம் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. லயங்கள் இடிந்தன, மக்கள் பட்டணங்களுக்குச் சிதறினார்கள். ஸ்காட்லாந்துக்காரரின் பேரப்பிள்ளைகள் உலகின் எந்த மூலையிலிருந்தும் எடின்பரோ ஆவணக் காப்பகத்திலுள்ள பாரிஷ் பேரேடுகளில் தம் முன்னோரைத் தேடுகிறார்கள். ஊர் கலைந்தும் ஏடு நிற்கிறது. நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவை நடத்தியவர் யார், முதல் ஆசிரியர் யார், எந்த லயத்தில் எந்தக் குடும்பம் இருந்தது என்று கேட்டால் காட்ட நம்மிடம் ஓர் ஏடு உண்டா?

பெரிய செலவு வேண்டாம் நேயர்களே. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உங்கள் வீட்டில் வயதானவர் இருந்தால் இன்றே அருகில் அமர்ந்து பெயரையும் ஊரையும் ஆண்டையும் கேட்டு எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு நாளாக வெளியே வரவில்லையென்றால் வாசற்படி ஏறி விசாரியுங்கள். ஓர் ஊரை ஊராக வைத்திருப்பவை இவ்விரண்டுமே.