ஆங்கில இணைப்புத் தொடர்களில் நீக்கமும் பொதுக்கூறும்

1. முன்னுரை

ஆங்கிலத்தில் ‘அண்ட்’, ‘ஆர்’, ‘பட்’ முதலிய இணைப்புச் சொற்களால் உறுப்புகள் இணைக்கப்படும்போது, அவற்றில் ஒத்து வரும் சொற்கள் பெரும்பாலும் ஒருமுறையே கூறப்படுகின்றன. மாற்றிலக்கண ஆய்வின் தொடக்கக் காலத்தில் இந்நிகழ்வு பெரிதும் நீக்க விதிகளால் விளக்கப்பட்டது. ஆயினும், விடுபட்ட சொல்லை வருவித்துப் பொருள் கொள்வது வேறு; வெளிப்படையாக நிற்கும் ஒரு சொல்லை இரண்டு உறுப்புகளுக்கும் பொதுவாகக் கொள்வது வேறு. இவ்வேறுபாட்டையும், பொதுக்கூறின் எல்லை தெளிவுறாதபோது மொழிபெயர்ப்பில் எழும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நீக்கம்

(1) ஜான் பாட் ரைஸ் அண்ட் மேரி வீட்.

இதன் இரண்டாம் உறுப்பில் ‘பாட்’ என்னும் வினை இல்லை. இதற்குக் ‘கேப்பிங்’ எனப் பெயரிட்ட ஜான் ராபர்ட் ராஸ், 1970இல் வெளியான கட்டுரையில், நீக்கத்தின் திசை சொல்வரிசையைப் பொறுத்தது என்று காட்டினார். வினை இடையில் வரும் ஆங்கிலத்தில் பின்னுள்ள வினை நீங்குகிறது. வினை இறுதியில் வரும் ஜப்பானிய மொழியில் முன்னுள்ளது நீங்குகிறது.

தமிழும் வினையை இறுதியிலேயே கொள்கிறது. எனினும் அதன் அமைப்பு வேறொன்றையும் உணர்த்துகிறது.

(2) ஜான் அரிசியும் மேரி கோதுமையும் வாங்கினார்கள்.

இங்கு முன்னுள்ள வினை நீங்கியது என்று மட்டும் கொண்டால், எஞ்சும் வினை ‘வாங்கினாள்’ என ஒருமையில் நிற்க வேண்டும். பன்மை விகுதி வருவதால், இவ்வினை இரண்டு எழுவாய்களுக்கும் பொதுவாகிறது என்பது புலனாகும்.

3. பொதுக்கூறு

(3) மேரி ரோட் அண்ட் ஜான் டைப்ட் த ரிப்போர்ட்.
(4) ஃபியூ கேர்ல்ஸ் ஸேங் அண்ட் டான்ஸ்ட்.

(3)இல் இறுதியில் நிற்கும் செயப்படுபொருள் இரண்டு வினைகளுக்கும் உரியது. (4)இல் தொடக்கத்தில் நிற்கும் எழுவாய் அவ்வாறு உரியது. (4)இன் எழுவாயை ‘டான்ஸ்ட்’ என்பதற்கு முன்னும் கூறினால் பொருள் மாறிவிடும். பாடலும் ஆடலும் ஆகிய இரண்டையும் செய்தவர் சிலரே என்பது (4)இன் பொருள். எழுவாயை மீண்டும் கூறினால், பாடியவர் சிலரே, ஆடியவரும் சிலரே என்றாகும். எனவே (4)இல் நீக்கம் இல்லை. ஓர் எழுவாயின் கீழ் இரண்டு வினைத்தொடர்கள் நேரடியாக இணைந்துள்ளன.

தமிழ் அணியிலக்கணம் இத்தகைய இயைபை அறியும். ஓரிடத்து நின்ற சொல் பல இடங்களிலும் சென்று இயைந்து பொருள் தருவதைத் தண்டியலங்காரம் தீவகம் என்று வழங்கி, முதல், இடை, கடை என நிலைவகையால் பகுக்கிறது. அது செய்யுள் அணி பற்றியதே. எனினும் நீக்கத்தினின்று பொதுக்கூறைப் பிரித்தறிய அக்கருத்து துணை செய்யும்.

4. எல்லை மயக்கம்

பொதுக்கூறு எதுவரை சென்று இயைகிறது என்பதை ஆங்கிலம் பல இடங்களில் வெளிப்படையாகக் காட்டுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் மெய்ன் மாநில மிகைநேர ஊதியச் சட்டம் இதற்குத் தக்க சான்று. சில உணவுப் பொருள்கள் தொடர்பான பணிகளுக்கு அச்சட்டம் விலக்களித்தது. அப்பணிகளின் அடுக்கு பின்வருமாறு முடிந்தது:

(5) பேக்கிங் ஃபார் ஷிப்மெண்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்

‘பேக்கிங் ஃபார்’ என்பது பின்வரும் இரண்டு பெயர்களுக்கும் பொதுவாயின், பொதி கட்டும் பணி மட்டுமே விலக்கில் அடங்கும். அது ‘ஷிப்மெண்ட்’ என்பதற்கு மட்டும் உரியதாயின், விநியோகமும் தனிப்பணியாக அடங்கும். பால்பண்ணை நிறுவனமொன்றின் ஓட்டுநர்கள் மிகைநேர ஊதியத்தை இழப்பர். ‘ஷிப்மெண்ட்’ என்பதன்பின் காற்புள்ளி இல்லை. அடுக்கின் ஏனைய பணிகள் ‘இங்’ ஈற்றுச் சொற்களாக இருக்க, ‘டிஸ்ட்ரிப்யூஷன்’ அவ்வாறு இல்லாமை ஓட்டுநர்களுக்கு ஆதரவாகும். இறுதிப் பணி பொதி கட்டுதலே என்றால் அதன் முன் இணைப்புச் சொல் வந்திருக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு ஆதரவாகும். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தொடர் இருபொருள் படுவது எனக் கண்டு, ஊதியச் சட்டங்களின் நோக்கத்தைக் கருதி ஓட்டுநர்கள் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2018இல் வழக்கு 50 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது.

5. மொழிபெயர்ப்பாளர் நிலை

(5)ஐத் தமிழில் இருவகையாகப் பெயர்க்கலாம்.

(6) அ. அனுப்புவதற்காகவோ விநியோகிப்பதற்காகவோ பொதி கட்டுதல்
     ஆ. அனுப்புவதற்காகப் பொதி கட்டுதல் அல்லது விநியோகித்தல்

ஆங்கில முன்னுருபு ஒருமுறை வந்து இரண்டு பெயர்களைத் தழுவக்கூடும். தமிழில் உருபும் ஓகாரமும் அந்தந்தச் சொல்லின் ஈற்றில் சேர்கின்றன. தலைச்சொல்லும் இறுதியில் நிற்கிறது. ஆதலால் மயக்கத்தை அப்படியே நிறுத்துவது அரிது. (அ), (ஆ) இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மாறாக, ‘ஓல்ட் மென் அண்ட் விமன்’ என்பதை ‘வயதான ஆண்களும் பெண்களும்’ எனப் பெயர்த்தால் மயக்கம் தமிழிலும் தொடரும்; அடை இரு மொழிகளிலும் முன்னால் நிற்பதே காரணம்.

இத்தேர்வு நடை பற்றியது மட்டுமன்று. 1973ஆம் ஆண்டின் அதிகாரபூர்வ உரைகள் (மத்தியச் சட்டங்கள்) சட்டத்தின்படி, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின்கீழ் அரசிதழில் வெளியிடப்படும் தமிழ் மொழிபெயர்ப்பு, தமிழில் அச்சட்டத்தின் அதிகாரபூர்வ உரையாகவே கருதப்படும். ஆகவே மூலம் திறந்து வைத்த ஒன்றை மொழிபெயர்ப்பு மூடிவிட்டால், அதன் விளைவு உரிமைகளையும் தொடும்.

6. முடிவுரை

இணைப்புத் தொடரைப் பெயர்க்கத் தொடங்குமுன் மூன்றை ஆராய்தல் வேண்டும்: விடுபட்ட சொல் உளதா, பொதுக்கூறு எது, அதன் எல்லை யாது. எல்லை துணியப்படாதவிடத்துத் தானே துணிந்து எழுதாமல், வரைவாளரிடம் விளக்கம் கேட்பதே மொழிபெயர்ப்பாளருக்குத் தக்க நெறியாகும்.