உங்களுக்குத் தெரியுமா? வராத ரிப்போர்ட்டும் ஒரு தகவல்தான்!

கால் சுளுக்கு என்று ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார். அவரது பதிவைக் கணினியில் திறந்ததும் மருத்துவரின் திரையில் ஓர் எச்சரிக்கை: இவரது எச்.ஐ.வி. சிகிச்சை விட்டுப்போயிருக்கிறது!

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 2009-இல் தொடங்கிய 'லாஃபி' ஏற்பாடு இப்படித்தான் வேலை செய்தது. சிடி4 எனும் நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை, ரத்தத்தில் வைரஸின் அளவு ஆகிய பரிசோதனை முடிவுகள் அங்கே ஆய்வகங்களிலிருந்து மாநிலச் சுகாதாரத் துறைக்குப் போய்விடும். ஓராண்டுக்கு மேல் ஒருவரின் முடிவு எதுவும் வரவில்லையா? அவர் சிகிச்சைக்குப் போவதில்லை என்று கணக்கு. இந்த விவரத்தைப் பொது மருத்துவமனைகளின் கணினிகளோடு இணைத்தார்கள். பரிசோதனை செய்துகொண்டு, முடிவை அறியாமலே போனவர்களும் இதில் அகப்பட்டார்கள்.

அந்தரங்கம்? நியாயமான கேள்வி. அதனால்தான் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களிடமே முதலில் கருத்துக் கேட்டார்கள்.

2011 தொடக்கத்துக்குள் 345 பேர் அடையாளம் காணப்பட்டார்கள். அவர்களில் 82 சதவீதம் பேருக்கு அதன்பின் சிடி4 அல்லது வைரஸ் அளவுப் பரிசோதனை ஒருமுறையாவது நடந்தது.