மேற்கில் சூரியன் உதிக்கும் கோள்

பூமியின் வட துருவத்துக்கு நேர்மேலே, வெகு தொலைவிலிருந்து நோக்கினால், எட்டுக் கோள்களும் சூரியனைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றிவருவதையும், அவற்றுள் ஆறு கோள்கள் தம் அச்சிலும் அதே திசையில் சுழல்வதையும் காணலாம். ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன் கோள்கள் உருவான வாயு-தூசித் தட்டு அத்திசையில் சுழன்றதே இந்த ஒற்றுமைக்குக் காரணம். எஞ்சிய இரண்டில் யுரேனஸ் 98 பாகை சாய்ந்து, படுத்தவாறே உருளுகிறது.

விடிவெள்ளி என்று நாம் அழைக்கும் வெள்ளியோ, அங்கே சூரியன் மேற்கில் உதிக்குமாறு, எதிர்த்திசையில் சுழல்கிறது. அடர்ந்த மேகங்கள் அதன் தரையை மறைத்திருந்ததால் நெடுங்காலம் அறியப்படாதிருந்த இவ்வுண்மை, 1962இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையத்திலிருந்து அனுப்பப்பட்ட ரேடார் அலைகள், அதாவது மேகத்தை ஊடுருவித் தரையில் பட்டுத் திரும்பும் வானொலி அலைகள், கொண்டுவந்த தகவலால் வெளிப்பட்டது. கோளின் நம்மை நோக்கி வரும் விளிம்பில் பட்ட அலையின் அதிர்வெண் சற்றுக் கூடியும், விலகிச்செல்லும் விளிம்பில் பட்டது சற்றுக் குறைந்தும் திரும்பியமை சுழற்சியை அறிய உதவிற்று. தொலைநோக்கியின் கண்ணுக்கு எட்டாததை எதிரொலி காட்டிக்கொடுத்தது வானியலின் பெருமைக்குரிய வெற்றிகளுள் ஒன்று.

வெள்ளி ஒருமுறை சுழல 243 பூமி நாட்கள் ஆகின்றன. அதன் நடுக்கோட்டுத் தரை மணிக்கு 6.5 கிலோமீட்டர் மட்டுமே, விரைந்து நடக்கும் மனிதரின் வேகத்தில், நகர்கிறது. பெரும் மோதலோ, தடித்த வளிமண்டலத்தில் சூரியன் எழுப்பும் அலைவுகளோ சுழற்சித் திசையை மாற்றியிருக்கலாம் என்பர்; முடிவு இன்னும் எட்டப்படவில்லை. தரை இத்தனை மெல்ல நகர, அதன் மேல்மேகங்கள் அதே திசையில் சுமார் 4 நாட்களில் கோளைச் சுற்றிவந்துவிடுகின்றன.