காளான் குடிலில் ஈரமும் மின்விசிறியும்

நம் நாட்டில் பல மாநிலங்களில் பெண்கள் வீட்டோரம் குடில் போட்டுச் சிப்பிக் காளான் வளர்க்கிறார்கள். வைக்கோல், காளான் வித்து, பிளாஸ்டிக் பை ஆகியவை இதற்குத் தேவை. இமாச்சலப் பிரதேசத்தின் சோலன் நகரில் 1983-ஆம் ஆண்டு காளானுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது.

காளான் நன்கு வளர ஈரக்காற்று வேண்டும். ஏன்?

கத்தரிக்காய்க்குத் தோல் உண்டு. அது உள்ளே இருக்கும் நீரைக் காக்கிறது. காளானுக்கு அப்படிப்பட்ட தோல் இல்லை. காய்ந்த காற்று பட்டால் மொட்டு சுருங்கிக் கருகிவிடும். மொட்டு விடும் காலத்தில் காற்றில் 80 முதல் 90 சதவீதம் ஈரப்பதம் இருப்பது நல்லது.

ஈரப்பதத்தை எப்படி அறிவது? இரண்டு வெப்பமானிகளை அருகருகே தொங்கவிட வேண்டும். ஒன்றின் அடிக்குமிழில் ஈரத்துணி சுற்ற வேண்டும். துணியின் நீர் ஆவியாகும்போது அது குளிர்ந்து குறைவாகக் காட்டும். காய்ந்தது 26 டிகிரி, ஈரமானது 24 டிகிரி என்றால் ஈரப்பதம் சுமார் 85 சதவீதம். வித்தியாசம் கூடினால் காற்று காய்ந்திருக்கிறது என்று பொருள்.

ஈரத்தைக் கூட்டும் வழிகள்:

1. தரையில் மணல் பரப்பி நனைத்து வையுங்கள்.
2. சுவர் ஓரமாக ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள்.
3. கைத்தெளிப்பானால் பனி போல் நீர் தெளியுங்கள். காளான் மேல் நீர் தேங்கினால் அது மஞ்சளாகி அழுகும்.

ஈரம் மட்டும் போதாது. காளானும் மூச்சு விடுகிறது. குடிலை முழுவதும் மூடினால் கெட்ட காற்று தேங்கும். அப்போது காம்பு நீளும், குடை சிறுக்கும். அதனால்தான் சிலர் மின்விசிறி வைக்கிறார்கள்.

விசிறிக் காற்று காளான் மீது நேராகப் படக் கூடாது. பட்டால் காய்ந்துவிடும். ஒரு சுவரில், உள்காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் பொருத்துங்கள். எதிர்ச் சுவரின் சன்னலில் ஈரச் சாக்கைக் கட்டுங்கள். வெளிக்காற்று சாக்கின் வழியே ஈரமாக உள்ளே வரும். வீட்டுக் கூலர் வேலை செய்வதும் இப்படித்தான்.

இங்கே ஓர் ஆபத்து உண்டு. தரை ஈரம், கை ஈரம், கால் வெறுங்கால். பக்கத்தில் மின்சாரம்! ஓடும் கூலரில் தண்ணீர் ஊற்றியபோது மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் உண்டு. ஆகவே இவற்றைத் தவறாமல் செய்யுங்கள்:

- சுவிட்சும் பிளக்கும் குடிலுக்கு வெளியே, நனையாத இடத்தில் இருக்கட்டும்.
- நீர் தெளிக்கும் முன் விசிறியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள். கை உலர்ந்திருக்க வேண்டும்.
- விசிறியின் மீது நீர் தெளிக்காதீர்கள்.
- ஒட்டுப் போட்ட ஒயர் வேண்டாம். மூன்று முனைப் பிளக்கும் சரியான எர்த்தும் வேண்டும்.
- மின்சாரம் கசிந்தால் தானே நின்றுவிடும் சாதனம் கடையில் கிடைக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துங்கள்.
- குடிலுக்குள் செருப்பு அணியுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். பிறகு உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

காளானுக்கு ஈரம் வேண்டும். மின்சாரத்திற்கு ஈரம் ஆகாது. இதை மறவாதீர்கள்.