ஒரு மூலக்கூறும் இரு பெயர்களும்: ஹெம்ப் – கஞ்சா வேறுபாடு பற்றிய ஒரு நோக்கு

கஞ்சாவிலுள்ள போதைச் சத்தும் ‘ஹெம்ப்’ என்னும் பெயரில் விற்கப்படும் பொருள்களிலுள்ள போதைச் சத்தும் ஒன்றா, வேறா என்னும் வினா அண்மைக் காலத்தில் எழுந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் சந்தையிலே தோன்றிய இவ்வினா, கஞ்சாவை ஏற்றுமதிப் பயிராக்கும் முயற்சிகள் தொடங்கிய பின்னர் இலங்கைக்கும் உரியதாயிற்று. ஏற்றுமதிப் பயிர்களின் வரலாற்றைத் தன் மண்ணிலேயே தாங்கியுள்ள மாத்தளை மாவட்டத்துக்கு இதில் தனி அக்கறை உண்டு. இலக்கிய ஆய்வைத் துறையாகக் கொண்ட நாம், இரசாயனவியலாளர் நிறுவியுள்ளவற்றை அடிப்படையாகக் கொண்டே இதனை விளக்க முற்படுகிறோம். எனினும், ஒரு பொருளுக்கு இரு பெயர்கள் ஏன் ஏற்படுகின்றன, அவற்றால் யார் பயன் பெறுகின்றனர் என்னும் வினாக்கள் எமது துறைக்குப் புறம்பானவையல்ல.

1. செடியும் பெயர்களும்

இவ்விரண்டையும் ஒப்புநோக்கும் முயற்சி புதியதன்று. 1660 இல் கொட்டியாரத்தில் சிறைப்பட்டு, 1679 இல் தப்பும்வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், தீய நீரைப் பருகுவதால் வரும் நோய்க்கு மாற்றாகக் கஞ்சா இலைத்தூளைக் கருப்பட்டியோடு கலந்து உண்டமையைத் தமது 1681 ஆம் ஆண்டு நூலிற் பதிவு செய்துள்ளார். இன்றைய மாத்தளையும் அன்று அவ்விராச்சியத்தின் ஒரு பகுதியாகும். அவர் வாயிலாக இச்செடியை அறிந்த றொபேட் ஹூக், 1689 டிசெம்பர் 18 இல் இலண்டன் றோயல் கழகத்தில் இதுபற்றி உரை நிகழ்த்தினார். விதை, இலை, தண்டு, பூ ஆகிய யாவற்றிலும் இது ஐரோப்பாவில் நாருக்காக வளர்க்கப்படும் ஹெம்ப் செடியை ஒத்திருத்தலால், இதனை இந்திய ஹெம்ப் என்றே கொள்ளலாம் என்பது அவர்தம் முடிபு.

பின்னர் 1753 இல் லின்னேயஸ் ‘கன்னபிஸ் சற்றைவா’ என்றும், 1785 இல் லமார்க் இந்தியச் செடியைத் தனியாக ‘கன்னபிஸ் இண்டிக்கா’ என்றும் பெயரிட்டனர். இவை ஓரினமா, ஈரினமா என்ற விவாதம் நீண்டகாலம் நிலவியது. ஒரே இனத்தின் வேறுபட்ட வகைகள் என்பதே இன்று பலரும் ஏற்கும் கருத்தாகும். நாருக்கும் விதைக்கும் தேர்ந்து வளர்க்கப்பட்டது ஹெம்ப். பூவின் பிசினுக்காகத் தேர்ந்து வளர்க்கப்பட்டது கஞ்சா. மனித உழைப்பின் தேவை வேறுபட்டமையே இவ்வேறுபாட்டின் தோற்றுவாய் எனலாம். தமிழில் ஹெம்ப் என்பதைச் சணல் என மொழிபெயர்ப்பாருளர். சாக்குச் சணலும், பசளைக்காகப் பயிரிடப்படும் சணப்பும் முற்றிலும் வேறான செடிகள். ஆதலின் இக்கட்டுரையில் ஹெம்ப் என்னும் சொல்லையே ஆளுகிறோம்.

2. சத்தின் இயல்பு

போதை தரும் சத்தின் முழுப்பெயர் ரெற்றாஐதரோகன்னபினோல், சுருக்கமாக ரி.எச்.சி. என்பர். 1964 இல் இஸ்ரேலில் காவோனி, மெக்கூலம் என்னும் ஆய்வாளர் இதன் அமைப்பைத் துணிந்தனர். இதன் முதன்மை வடிவம் டெல்ரா-9 எனப்படும். இம்மூலக்கூறு ஹெம்ப் செடியிலிருந்து வரினும் கஞ்சாவிலிருந்து வரினும் அமைப்பில் ஒன்றே; உடலில் அது புரியும் தொழிலும் ஒன்றே. மாத்தளையில் விளைந்த மிளகின் பைப்பரீன் என்னும் காரச்சத்தும் பிறநாட்டு மிளகின் பைப்பரீனும் ஒன்றாயிருத்தல் போன்றதே இது. வேறுபடுவது அளவு. கஞ்சா வகைகளிற் ரி.எச்.சி. மிகுதி, ஹெம்ப் வகைகளில் அது அற்பமாகவும், போதை தராத கன்னபிடியோல் மிகுதியாகவும் இருக்கும்.

அவ்வாறாயின், அற்பமான அளவுடைய ஹெம்ப் செடியிலிருந்து போதைப் பொருள் எவ்வாறு உற்பத்தியாகிறது? இதற்கு மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, பெருந்தொகையான ஹெம்பிலிருந்து டெல்ரா-9 ஐப் பிரித்துச் செறிவாக்குதல். இரண்டாவது, கன்னபிடியோலை ஆய்வுகூடத்தில் அமில வினைக்குட்படுத்தி டெல்ரா-8 என்னும் வடிவமாக மாற்றுதல். இதில் இரட்டைப் பிணைப்பொன்றின் இடம் மட்டுமே வேறு. போதை சற்றுக் குறைவு. செடியில் இவ்வடிவம் மிக அருகியே காணப்படும். சந்தையிலுள்ளது பெரும்பாலும் ஆலையின் ஆக்கமே. வினையின்போது தோன்றும் பக்கவிளைபொருள்கள் நன்கு நீக்கப்படாவிடின் அவையும் நுகர்வோரின் உடலைச் சேரும். மூன்றாவது வழி அமில வடிவைப் பயன்படுத்துவது. பச்சைச் செடியில் ரி.எச்.சி. பெரும்பாலும் போதையற்ற அமிலமாகவே உள்ளது. சூடேறும்போதே அது டெல்ரா-9 ஆகிறது. எனவே, அமிலம் நிறைந்த பூவைச் சூடேற்றாது அளந்தால் அது ஹெம்ப்; புகைத்தால் அதுவே கஞ்சா.

3. 0.3 வீதம் என்னும் கோடு

இவ்வழிகளுக்கு இடமளித்தது ஒரு சட்ட வரைவிலக்கணம். 2018 டிசெம்பரில் நிறைவேறிய அமெரிக்க விவசாயச் சட்டம், உலர்நிறையில் டெல்ரா-9 0.3 வீதத்துக்கு மேற்படாத செடியையும் அதன் பெறுதிகளையும் ஹெம்ப் என வகுத்தது. இவ்வெண் 1976 இல் ஸ்மோல், குரொன்குவிஸ்ற் என்னும் தாவரவியலாளர் வகைப்பாட்டின் பொருட்டு முன்வைத்தது. அது ஒரு வசதிக்கான எல்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டனர். போதைக்கும் போதையின்மைக்கும் இடையிலான எல்லையாக அது அமைக்கப்படவில்லை. 5 கிராம் நிறையுள்ள இனிப்பொன்றில் 0.3 வீதம் என்பது 15 மில்லிகிராம். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய கொலராடோ மாநிலத்தில் உண்பொருளின் ஒரு வேளை அளவுக்குரிய உச்சவரம்போ 10 மில்லிகிராம். ஆக, ஹெம்ப் எனப் பெயர்பெற்ற இனிப்பு, கஞ்சா எனப் பெயர்பெற்றதைவிடக் கூடிய போதை தருதல் இயலும். 2025 நவம்பரில் அந்நாட்டுக் காங்கிரஸ் மொத்த ரி.எச்.சி. யையும் கணக்கிற் கொள்ளுமாறும், ஆலையில் மாற்றப்பட்ட வடிவங்களை விலக்குமாறும் வரைவிலக்கணத்தை இறுக்கியது. அம்மாற்றம் நடைமுறைக்கு வர ஓராண்டுத் தவணை விதிக்கப்பட்டது.

4. மாத்தளையிலிருந்து நோக்குகையில்

இலங்கைச் சட்டத்தில் இத்தகைய வீதக்கோடு வகுக்கப்படவில்லை. 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இச்செடியை அனுமதியின்றிப் பயிரிடுவதைத் தடுக்கிறது. அச்சட்டத்தின் ஆங்கில வாசகத்தில் ஹெம்ப் என்னும் சொல்லே கஞ்சாச் செடியைக் குறிக்கிறது. 1961 ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ் வைத்தியர் மருந்தாக்கத்துக்கு இதனைப் பெற இடமுண்டு. மதன மோதகம் போன்ற மருந்துகள் இம்மரபைச் சார்ந்தவை. 2025 ஆகஸ்டில், ஏற்றுமதிக்கு மட்டும் கஞ்சா பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளருக்கு மீரிகமவில் 64 ஏக்கர் நிலத்தில் அனுமதி வழங்கப்பட்டமை அறிவிக்கப்பட்டது. வரட்சி வலயத்தின் சேனையில் இதே செடியை வளர்க்கும் விவசாயி குற்றவாளியாகவே உள்ளான்.

சட்டத்தின் கோடு எவ்வாறு சொத்தையும் குற்றத்தையும் ஒருங்கே படைக்கிறது என்பதை மார்க்ஸ் 1842 இல், விழுந்த விறகைப் பொறுக்குவதைத் திருட்டாக்கிய ரைன்லாந்துச் சட்டம் பற்றி எழுதிய கட்டுரைகளில் ஆராய்ந்தார். அதற்கு ஈராண்டுக்கு முன்னரே இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மக்கள் தலைமுறைகளாகப் பயன்கொண்ட காடுகளையும் சேனைகளையும் உரிமைச் சான்று காட்டாதவிடத்து முடிக்குரியனவாகக் கொண்டது. மண் மாறவில்லை, பெயர் மாறியது. அந்நிலம் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. நிலவிழப்பின் மீது புதிய வரிகளும் சுமத்தப்பட, 1848 இல் மாத்தளையிலும் தம்புள்ளையிலும் கிளர்ச்சி மூண்டது. அக்கோப்பித் தோட்டங்களில் உழைப்பதற்கென மன்னார்க் கரையிறங்கி, வடபாதைவழி மாத்தளைக்கு நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே பலியாயினர்.

இவ்வரலாறு இன்றைய வினாவுக்குப் புறம்பானதன்று. மிளகு, சாதிக்காய், கொக்கோ ஆகியவற்றோடு வாழும் இம்மாவட்டத்துச் சிற்றுடைமையாளரிடம் நாளை ஹெம்ப் ஒரு புதிய ஏற்றுமதிப் பயிராக முன்வைக்கப்படலாம். ரி.எச்.சி. அளவு பூ முதிருந்தோறும் உயரும் இயல்பினது. வரம்பைச் சிறிது கடந்தாலும் அமெரிக்காவில் அப்பயிர் ஹெம்ப் என விற்கும் தகுதியை இழக்கிறது. ஆய்வுகூடமும் வழக்கறிஞரும் உடைய நிறுவனம் இந்நட்டத்தைத் தாங்கும். அரை ஏக்கர் உடையவன் தாங்கான். அவனுக்கு அது நட்டமாக மட்டும் முடியாமல் வழக்காகவும் மாறக்கூடும்.

5. முடிவுரை

ஹெம்பிலிருந்து பெறும் டெல்ரா-9 உம் கஞ்சாவின் டெல்ரா-9 உம் ஒரே பொருள். டெல்ரா-8 அதன் நெருங்கிய உறவு. இவற்றின் தீங்கையும் பயனையும் அளவும் தூய்மையும் நுகர்வோரின் வயதும் உடல்நிலையும் தீர்மானிக்கும். பொதியின் மேலுள்ள பெயர் தீர்மானிப்பதில்லை. ஹெம்ப் என்றதால் அது தீங்கற்றது என இளைஞர் நம்புதல் தவறு. கஞ்சா என்றதால் அதனைத் தொட்ட ஏழையை மட்டும் தண்டித்தலும் நீதியன்று. இப்பயிருக்கென ஒரு கோடு இந்நாட்டிலும் வரையப்படுமாயின், அது மூலக்கூறின் உண்மையான இயல்பைத் தழுவியிருத்தல் வேண்டும்; நிலமற்றோரையும் சிற்றுடைமையாளரையும் கலந்தே வரையப்படுதலும் வேண்டும். 1840 இல் அவர்களைக் கேளாது வரையப்பட்ட கோட்டின் விளைவுகளோடு மாத்தளை இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கிறது.